87-லேர்ந்து 99-க்கு: படிகம் அதிரும்போது ஒரே மாதிரி ஃபோட்டான் எடுத்த கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

2017-ல ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்ல ஒரு பேப்பர் வந்துச்சு. பிரான்ஸ்ல கிரனோபிள் நீல் இன்ஸ்டிட்யூட்ல இருந்த தோமா கிராஞ்சும், பாரிஸ் பக்கத்துல மார்க்கூஸில வேலை பாத்துக்கிட்டிருந்த பாஸ்கல் செனெல்லார் குரூப்பும் சேந்து போட்டது. அதுல நாலு நம்பர் வருது: 87, 99, 24, 76. நாலுமே சதவீதம். ஒரு குவாண்டம் டாட்ல (படிகத்துக்குள்ள இருக்கிற நானோ அளவு மேடு) இருந்து வர்ற ஃபோட்டான்கள், அதாவது ஒளிப் பொட்டலங்கள், ஒண்ணுக்கொண்ணு எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிற அளவு. ரொம்பக் குளிர்ல கேவிட்டி (ஒளிய அடைச்சு வைக்கிற குட்டிக் கண்ணாடிக் கூடு) இல்லாம 87, கேவிட்டியோட 99, 20 கெல்வின்ல கேவிட்டி இல்லாம 24, கேவிட்டியோட 76, அவ்ளோதான். ஆனா இந்த நாலு நம்பரையும் ஒழுங்கா பிரிச்சுப் பாத்தா திடப்பொருளுக்குள்ள ஒளியும் அதிர்வும் எப்படி சண்டை போடுதுன்னு முழுசா புரிஞ்சுரும், அதுனால இதையே கேஸா எடுத்துக்கிறேன்.

முதல்ல டாட் பத்தி. நோபல் பரிசு 2023-ல பவெண்டி, புரூஸ், எகிமோவ் மூணு பேருக்கும் வேதியியல்ல குடுத்தாங்களே, அது கரைசல்லயும் கண்ணாடிலயும் வளர்ற டாட், டிவில எல்லாம் வர்ற வகை. நாம பேசுறது வேற. காலியம் ஆர்சனைடு மேல இண்டியம் ஆர்சனைடை அணு அடுக்கு அடுக்கா படிய விட்டா, ரெண்டோட அணு இடைவெளிலயும் சுமார் 7 சதவீதம் வித்தியாசம் இருக்கிறதால ஒரு கட்டத்துக்கு மேல சமமா படியாம தானாவே குட்டிக் குட்டி மேடா திரண்டுக்கும். அகலம் 20 நானோமீட்டர் சுமார், உயரம் சில நானோமீட்டர். அந்த மேட்டுக்கு மேல திரும்ப காலியம் ஆர்சனைடு போட்டு மூடிருவாங்க, அதாவது டாட் படிகத்துக்குள்ளயே புதைஞ்சு கிடக்கும். லேசர் பல்ஸ் பட்டா ஒரு எலக்ட்ரானும் ஒரு ஹோலும் (எலக்ட்ரான் விட்டுட்டுப் போன காலி இடம்) ஜோடியா உள்ள மாட்டிக்கும், அதுக்குப் பேரு எக்ஸிடான், சுமார் ஒரு நானோசெகண்ட்ல அந்த ஜோடி ஒண்ணு சேந்து ஒரே ஒரு ஃபோட்டானை விட்டுட்டுப் போயிரும். பெரும்பாலும் 900-லேர்ந்து 950 நானோமீட்டர் அலைநீளம், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. அடுத்த ஃபோட்டான் வேணும்னா அடுத்த பல்ஸ் அடிக்கணும், அதுனாலதான் ஒண்ணு ஒண்ணா வருது.

ஒண்ணு ஒண்ணா வந்தா மட்டும் போதாது. ஃபோட்டான் வச்சு கணக்கு போடுற குவாண்டம் கம்ப்யூட்டருக்கு வர்ற ஒவ்வொண்ணும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கணும். அத சோதிக்கிற முறை 1987-ல ஹாங், ஓ, மாண்டல் மூணு பேரும் காட்டினது. பாதி ஒளிய விட்டு பாதிய திருப்புற கண்ணாடி ஒண்ணு, ரெண்டு பக்கத்துல இருந்து ரெண்டு ஃபோட்டான் ஒரே நேரத்துல வந்து மோதணும், ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுன்னா சேந்தே ஒரே பக்கம் வெளிய போகும், ஆளுக்கொரு பக்கம் பிரியவே பிரியாது. லேப்ல இது திரையில எப்படித் தெரியும்னா, நேர வித்தியாசத்த கிடைமட்டமா போட்டு வரிசையா முகடு முகடா ஒரு படம் வரும், முகடுகளுக்கு நடுவுல 12 நானோசெகண்ட் இடைவெளி, ஏன்னா லேசர் அந்த இடைவெளிலதான் தட்டுது. ஃபோட்டான்கள் வேற வேறன்னா நடு முகடு தூரத்துல இருக்கிற முகடுகள்ல பாதி உயரம் நிக்கும். ஒரே மாதிரின்னா நடு முகடு தரையோட தரையா படுத்துரும். அந்த நடு இடம் எவ்வளவு காலியா இருக்கோ அவ்வளவு ஒப்புமை.

டாட்ல இத முதல்ல செஞ்சு காட்டினது 2002-ல ஸ்டான்ஃபோர்ட்ல யமமோட்டோ குரூப், சாண்டோரி முதல் ஆசிரியர், அதிகபட்சம் 0.81 வந்துச்சு. மீதி எங்க போச்சு? காரணம் பல. லேசர் எக்ஸிடான மேல் நிலைக்கு ஏத்தி விட்டா அது கீழ இறங்குற நேரம் ஒவ்வொரு தடவையும் மாறும், அத 2013-ல சீனாவுல ஹெஃபெய் குரூப் நேரா அதே நிறத்துல லேசர் தட்டி சரி பண்ணி 97 சதவீதம் கொண்டு வந்துட்டாங்க. சுத்தி இருக்கிற மின்சுமைகள் அங்க இங்க தாவி நிறத்த ஆட்டும், அதுக்கு நல்ல சுத்தமான படிகமும் மின்வாய்களும் போட்டா பெருமளவு அடங்கிரும். ஆனா மூணாவது காரணத்த அப்படி விரட்ட முடியாது. அது படிகமே அதிருறது. டாட் குடியிருக்கிற வீடே அதுதான், வீட்ட காலி பண்ணிட்டு டாட்ட எங்க கொண்டு போய் வைக்கிறது?

இந்த அதிர்வு எப்படி வேலை பண்ணுதுன்னு நான் எப்பவும் இலவம்பஞ்சு மெத்தைய வச்சுத்தான் நினைச்சுப் பாப்பேன். மெத்தைல ஆள் உக்காந்தா குழி விழும். எக்ஸிடான் டாட்டுக்குள்ள வந்த உடனே சுத்தி இருக்கிற அணுக்கள் லேசா இடம் மாறி புது நிலைக்கு உக்காந்துக்கும், அதுவும் படு வேகமா. காலியம் ஆர்சனைடுக்குள்ள ஒலி செகண்டுக்கு சுமார் 5 கிலோமீட்டர் போகும், எக்ஸிடான் பரவி இருக்கிற தூரம் சுமார் 5 நானோமீட்டர்னு வச்சா ஒலி அத கடக்க ஒரு பிக்கோசெகண்ட்தான், அதாவது நானோசெகண்ட்ல ஆயிரத்துல ஒண்ணு. எக்ஸிடான் இருக்கப்போறது ஆயிரம் பிக்கோசெகண்ட், குழி விழுறது ஒரு பிக்கோசெகண்ட்ல. அப்புறம் ஃபோட்டான் கிளம்பும்போது ஆள் சட்டுன்னு எந்திரிச்ச மாதிரி. சில சமயம் மெத்தை ஆடாம அப்படியே பழைய நிலைக்குப் போயிரும், ஃபோட்டானுக்கு முழு எனர்ஜியும் கிடைக்கும். சில சமயம் மெத்தை துள்ளும், அந்தத் துள்ளல்தான் ஃபோனான், அதாவது படிக அதிர்வோட ஒரு பொட்டலம், அதுக்கு வேண்டிய எனர்ஜி ஃபோட்டான் கணக்குல இருந்துதான் கழியும். அப்போ அந்த ஃபோட்டான் கொஞ்சம் சிவப்பு பக்கம் நகந்துரும். எது எப்போ நடக்கும்னு முன்கூட்டி சொல்ல முடியாது.

ஸ்பெக்ட்ரம்ல பாத்தா நடுவுல ஊசி மாதிரி ஒரு கோடு, அதான் அதிர்வு சேராத மெயின் கோடு. ஒரு நானோசெகண்ட் ஆயுளுக்கு அதோட அகலம் 0.66 மைக்ரோ எலக்ட்ரான்வோல்ட் (எனர்ஜிய அளக்கிற அலகு) வரைக்கும் குறையலாம். அதுக்குக் கீழ, தரையில பாய் விரிச்ச மாதிரி ஒன்றிரண்டு மில்லி எலக்ட்ரான்வோல்ட் அகலத்துக்கு ஒரு மங்கலான படலம், சைட்பேண்ட். கோட்ட விட ஆயிரம் மடங்குக்கும் மேல அகலம், அதுனால சாதாரண ஸ்கேல்ல போட்டா இருக்கிறதே தெரியாது, லாக் ஸ்கேல்ல போட்டாத்தான் தோள்பட்டை மாதிரி தூக்கிக்கிட்டு வரும். 4 கெல்வின்ல வெப்பத்தோட எனர்ஜி 0.34 மில்லி எலக்ட்ரான்வோல்ட்தான், படிகத்துல வாங்கிக்கிறதுக்கு அதிர்வு அதிகமில்ல, அதுனால தோள்பட்டை சிவப்பு பக்கம் மட்டும் கனமா இருக்கும். 20 கெல்வினுக்குப் போனா 1.7 ஆயிரும், ஃபோட்டான் அதிர்வுகிட்ட இருந்து எனர்ஜிய வாங்கவும் செய்யும், நீலப் பக்கமும் எந்திரிச்சுரும். 1928-ல கல்கத்தாவுல சி.வி.ராமன் கண்டுபிடிச்ச சிதறல்ல ஒரு பக்கக் கோடு பலமாவும் மறுபக்கம் பலவீனமாவும் இருக்குமே, அங்கயும் காரணம் இதே வாங்கல் கொடுக்கல் கணக்குதான்.

2001-ல ரெண்டு வேலை இத வெளிச்சம் போட்டுச்சு. பெசோம்ப் குரூப் காட்மியம் டெல்லுரைடு டாட்ல இந்த அகலமான படலத்த ஒத்தை டாட்டுக்கே காட்டினாங்க. போரி குரூப் 7 கெல்வின்ல இண்டியம் காலியம் ஆர்சனைடு டாட்டோட அலை ஒழுங்கு 630 பிக்கோசெகண்ட் நிக்குதுன்னு அளந்தாங்க, அதே அளவீட்டுல ஆரம்ப சில பிக்கோசெகண்ட்ல ஒரு கூர்மையான சரிவும் தெரிஞ்சுச்சு. அந்த முதல் சரிவுதான் மெத்தைல குழி விழுற நேரம். அடுத்த வருஷம் கிரும்ஹொயர், ஆக்ஸ்ட், கூன் மூணு பேரும் அதுக்கான கணக்க போட்டுக் குடுத்தாங்க.

இப்ப 87-க்கு வருவோம். கேவிட்டி உதவி இல்லாத டாட், ரொம்பக் குளிர், 0 கெல்வின் எல்லை. (இது கணக்குப் போட்டு வந்த எல்லை மதிப்பு, 0 கெல்வின்ல யாரும் அளக்க முடியாதுங்கிறத மறந்துரக் கூடாது.) வர்ற ஃபோட்டான்கள்ல சுமார் 93 சதவீதம் மெயின் கோட்டுல, 7 சதவீதம் சைட்பேண்ட்ல. அப்போ ஒப்புமை 93 இல்லையா, ஏன் 87? ஏன்னா மோதுறது ரெண்டு ஃபோட்டான், ரெண்டுமே மெயின் கோட்டுல இருந்தாத்தான் ஒத்துப்போகும். 0.93-ஐ 0.93-ஆல பெருக்குங்க, 0.87 பக்கம் வந்துரும். அப்போ 7 சதவீதக் கசிவு 13 சதவீத நஷ்டமா மாறுது. இத பல பேர் கவனிக்காம தாண்டிப் போறாங்க, சின்ன சைட்பேண்ட்தானேன்னு.

24 ஏன் அவ்வளவு கீழ? 20 கெல்வின்ல ரெண்டு கேடு ஒண்ணா சேருது. சைட்பேண்ட் பெருசாகி மெயின் கோட்டோட பங்கு குறையுது, அது ஒண்ணு. இன்னொண்ணு, மெயின் கோடே தடிமனாகும். வெப்பத்துல ஏற்கனவே ஓடிக்கிட்டிருக்கிற அதிர்வுகள் டாட்ல மோதித் தெறிக்கும்போது, எக்ஸிடான் மேல் நிலைக்கு நிஜமா போகாமலே போற மாதிரி ஒரு தொடுதல் நடந்து அலையோட கட்டம் (அலை ஏறி இறங்குற தாளம், ஃபேஸ்) கலைஞ்சுரும். இந்த வழிய 2004-ல முல்யாரோவும் ட்ஸிம்மர்மானும் கணக்குல கொண்டு வந்தாங்க. குளிர்ல இது அனேகமா இல்ல, 10 கெல்வின் தாண்டினா வேகமா ஏறும்.

சரி, சைட்பேண்ட்தானே பிரச்சனை, ஒரு நல்ல ஃபில்டர் போட்டு வெட்டிட்டா போச்சேன்னு தோணும். எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் தோணிச்சு. வெட்டலாம், ஒப்புமை ஏறும். ஆனா வெட்டின 7 சதவீதம் ஃபோட்டான் போனது போனதுதான். ஒரு ஃபோட்டான் வச்சு சோதனை பண்றவங்களுக்கு 7 சதவீதம் ஒண்ணுமில்ல. 2019-ல ஹெஃபெய்ல டாட் வச்சு 20 ஃபோட்டான உள்ள விட்டு போசான் சாம்ப்ளிங் (பல ஃபோட்டான ஒண்ணா மோத விட்டுப் பண்ற ஒரு குவாண்டம் கணக்கு) பண்ணாங்களே, அந்த மாதிரி இடத்துல 0.93-ஐ இருபது தடவை பெருக்கிப் பாருங்க, 0.23 வருது. இருபதும் பிழைச்சு வர்ற வாய்ப்பு நாலுல ஒண்ணுக்கும் கீழ, அதுவும் சைட்பேண்ட் ஒண்ணுனால மட்டும். அதே 0.99-ன்னா 0.82. இந்த வித்தியாசம் இருக்கே, இது ஒரு மெஷின் ஓடுமா ஓடாதாங்கிற வித்தியாசம்.

மார்க்கூஸி ஆளுங்க செஞ்சது வேற. டாட்டுக்கு மேலயும் கீழயும் ரெண்டு வகை அடுக்கு மாத்தி மாத்தி வச்சு கண்ணாடி கட்டி, அத சில மைக்ரோமீட்டர் அகலமான தூணா செதுக்கினாங்க, மைக்ரோபில்லர். டாட் எங்க முளைக்கும்னு யாருக்கும் தெரியாது, கண்டபடி முளைக்கும், தூணோட நடுவுல அது இல்லேன்னா பிரயோஜனமே இல்ல. அதுக்கு அவங்க 2008-லயே ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தாங்க: சாம்பிளை குளிர்ல வச்சே, டாட் விடுற ஒளிய பாத்து அதோட இடத்த 50 நானோமீட்டர் துல்லியத்துல கண்டுபிடிச்சு, அதே இடத்துல இன்னொரு லேசரால மேல பூசியிருக்கிற ரெசின்ல தூணோட வட்டத்த வரைஞ்சுருவாங்க, அப்புறம் செதுக்குறது. டாட்டோட நிறத்துக்கு ஏத்த மாதிரி தூணோட விட்டத்தையும் அப்பவே முடிவு பண்ணிக்கலாம். எனக்கு இந்தத் துறைலயே ரொம்பப் பிடிச்ச கைவேலை இதுதான். 2016-ல அதே குரூப், சோமாஷி முதல் ஆசிரியரா, இந்தத் தூண்கள்ல இருந்து 0.9956 ஒப்புமை காட்டினாங்க.

தூண் என்ன பண்ணுது? குடத்துக்குள்ள வாய வச்சு பாடினா ஒரு குறிப்பிட்ட சுருதிக்கு மட்டும் குடம் கூடவே சேந்து பாடும், மத்ததுக்கு கம்முனு இருக்கும். கேவிட்டியும் அப்படி, ஒரு குறிப்பிட்ட நிறத்துக்கு மட்டும் வெளிவர்ற வேகத்த கூட்டும், 1946-ல பர்செல் சொன்ன எஃபெக்ட். கேவிட்டி எவ்வளவு தரமானதுன்னு சொல்ற க்யூ-ங்கிற எண்ண 10,000-ன்னு வச்சா 925 நானோமீட்டர்ல கேவிட்டியோட ஜன்னல் 0.13 மில்லி எலக்ட்ரான்வோல்ட் அகலம். மெயின் கோடு அதுக்குள்ள தாராளமா அடங்கும். சைட்பேண்ட் மில்லி எலக்ட்ரான்வோல்ட் கணக்குல பரவிக் கிடக்கு, பெரும்பகுதி ஜன்னலுக்கு வெளிய.

இங்கதான் ஃபில்டருக்கும் கேவிட்டிக்கும் உள்ள வித்தியாசம். ஏரில ஒரு மடை இருக்கு, கரைல ஒரு கசிவும் இருக்குன்னு வைங்க. கசிவ அடைக்க முடியல. மடைய பத்து மடங்கு அகலமா திறந்து விட்டா தண்ணி வயலுக்கு மளமளன்னு பாஞ்சு ஏரி சீக்கிரம் வடிஞ்சுரும், கசிவுக்கு நேரமே கிடைக்காது. கசிவு அடைபடல, ஆனா நஷ்டமான தண்ணி பத்துல ஒண்ணாச்சு. ஃபில்டர்ங்கிறது கசிஞ்ச தண்ணி வயலுக்கு வராம தடுக்கிறது, கேவிட்டிங்கிறது கசிய விடாம மடை வழியா இழுத்துக்கிறது. மெயின் கோட்டு வேகம் 10 மடங்கு, சைட்பேண்ட் அப்படியே: 9.3-க்கு 0.07, அதாவது மெயின் கோட்டு பங்கு 99.2 சதவீதம் சொச்சம், அத அதாலயே பெருக்கினா ஒப்புமை 98.5. கிராஞ்ச் பேப்பர்ல முழுக் கணக்கோட 99-க்கு மேல வருது. ஃபோட்டான தூக்கிப் போட்டுட்டு வந்த 99 இல்ல இது, சைட்பேண்டுக்குப் போக இருந்தத மெயின் கோட்டுக்குத் திருப்பி விட்டதால வந்த 99.

இன்னொரு லாபமும் கூடவே வருது. அலையோட கட்டம் கலையிறது நேரத்தோட ஓட்டப்பந்தயம். சும்மா உதாரணத்துக்கு, எக்ஸிடான் நானோசெகண்டுக்கு ஒரு தடவை காலியாகுது, கட்டம் கலையிற வேகம் அதுல பத்துல ஒண்ணுன்னு வைங்க, ஒப்புமை 1-ஐ 1.2-ஆல வகுத்தது, 83. பர்செலால வேகம் பத்தாச்சுன்னா 10-ஐ 10.2-ஆல வகுக்கணும், 98. கலைக்க ஆள் வர்றதுக்குள்ள ஃபோட்டான் கிளம்பிருச்சு. இதுனாலதான் மெயின் கோட்ட மட்டும் எடுத்தா 18 கெல்வின் வரைக்கும் 97 சதவீதத்துக்கு மேல நின்னுச்சு.

அப்போ 20 கெல்வின்ல ஏன் 99 இல்லாம 76? அங்க கசிவு ரொம்ப பெருசு, மடைய எவ்வளவு திறந்தாலும் பங்கு போகத்தான் செய்யும், அது போக ஜன்னலுக்குள்ள விழுற சைட்பேண்ட் துண்டும் மெயின் கோட்டோட சேந்து வேகமெடுத்துரும், அத கேவிட்டி தடுக்காது. இருந்தாலும் 24-லேர்ந்து 76-ங்கிறது சாதாரணமில்ல, ஏன்னா திரவ ஹீலியம் இல்லாம சின்ன ஸ்டிர்லிங் கூலர் வச்சு ஓட்டணும்னா அது குளிர்விக்கிறது சுமார் 30 கெல்வின் வரைக்கும்தான், அந்தப் பக்கம் ஒவ்வொரு கெல்வினும் பணம். இன்னொரு தொல்லை, சூடாக சூடாக டாட்டோட நிறமும் கேவிட்டியோட நிறமும் ரெண்டுமே சிவப்பு பக்கம் நகரும், டாட் வேகமா நகரும், ஒரு வெப்பநிலைல பொருந்தினது இன்னொண்ணுல பொருந்தாது.

அப்ப கேவிட்டிய இன்னும் இன்னும் நல்லா பண்ணிக்கிட்டே போனா 100 வந்துருமா? அதே 2017-ல நேச்சர் ஃபோட்டானிக்ஸ்ல ஐல்ஸ்-ஸ்மித், மெக்கட்சன், நசீர், மோர்க் நாலு பேரும் இதுக்கு இல்லேன்னு பதில் சொன்னாங்க. அலைவழில (ஒளிய ஒரு பாதைல கொண்டு போற அமைப்பு) டாட்ட வச்சா எல்லா நிறத்துக்கும் சேத்து வேகம் கூடும், சைட்பேண்டும் சேந்தே கூடும், அதுனால ஒப்புமை வேணும்னா எண்ணிக்கைய விடணும், நேர் எதிர் எதிர். கேவிட்டில ரெண்டையும் சேத்து ஏத்தலாம், ஆனா ஒரே அளவுக்கு ஏறாது. கேவிட்டிய ரொம்ப இறுக்கிட்டா ஃபோட்டான் வெளிய வராம டாட்டுக்கும் கேவிட்டிக்கும் நடுவுல ஊஞ்சலாட ஆரம்பிச்சுரும், அந்த ஆட்டத்தோட ரெண்டு நிலைக்கும் நடுவுல அதிர்வு புகுந்து கட்டத்த கலைக்கும். அதாவது எந்த அதிர்வ விரட்ட கேவிட்டி கட்டினோமோ அது வேற வாசல் வழியா உள்ள வந்துரும். ஊஞ்சல் ஆடுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நிறுத்துறதுதான் சரியான இடம். என் பார்வைல கிராஞ்ச் பேப்பரையும் இதையும் தனித்தனியா படிக்கக் கூடாது, ஒண்ணு கேவிட்டி என்ன குடுக்கும்னு சொல்லுது, இன்னொண்ணு எங்க நிறுத்தணும்னு சொல்லுது.

இது படிச்சப்புறம் எனக்கு ஒரு பழக்கம் வந்துருச்சு, யார் 98, 99-ன்னு போட்டாலும் முதல்ல தேடுறது ஃபில்டர் எவ்வளவு அகலம், அது வெட்டின ஃபோட்டான எண்ணிக்கைல கழிச்சாங்களாங்கிறதுதான். ரெண்டையும் ஒரே அளவீட்டுல ஒரே டாட்ல சொன்னாத்தான் அந்த நம்பருக்கு அர்த்தம். 2021-ல சுவிட்சர்லாந்து பாசல்ல வார்பர்ட்டன் குரூப் திறந்த கேவிட்டி வச்சு ஃபைபர் முனை வரைக்கும் ஃபோட்டான் வந்து சேர்றது 57 சதவீதம்னும் ஒப்புமை 97.5 சதவீதம்னும் சேத்துச் சொன்னாங்க, அப்படிச் சொல்லும்போது எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க.

கடைசியா ஒண்ணு, இதே அதிர்வ வேலைக்கு வச்சது. நேரா அதே நிறத்துல லேசர் தட்டினா ஃபோட்டானும் லேசரும் ஒரே நிறம், பிரிக்க முடியாது, அதுனால போலரைசேஷன் (ஒளி அலை ஆடுற திசை) வச்சுப் பிரிப்பாங்க, அதுல வழக்கமா ஃபோட்டான்ல பாதி போயிரும். செனெல்லார் குரூப்பே 2021-ல லேசர கொஞ்சம் நீலப் பக்கம் நகத்தி, மில்லி எலக்ட்ரான்வோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவான தூரத்துல வச்சு அடிச்சாங்க. லேசர் கூடுதலா குடுக்கிற எனர்ஜிய படிகம் ஒரு ஃபோனானா வாங்கிக்கும், எக்ஸிடான் சரியான நிலைல வந்து உக்காரும். நேரா தட்டினா கிடைக்கிறதுல 85 சதவீதம் இப்படியும் கிடைச்சுச்சு, லேசர் வேற நிறங்கிறதால சாதாரண ஃபில்டரே அத பிரிச்சுரும், முதல் லென்ஸ்லயே ஒரே போலரைசேஷன்ல பல்ஸுக்கு 0.50 ஃபோட்டான், ஒப்புமை 0.909. 0.9956-ஐ விடக் குறைவுதான். ஆனா பாதி ஃபோட்டான தூக்கிப் போட வேண்டியதில்ல.